வெறும் தண்ணீருக்கு இருபத்தெட்டு நாள்

அத்தியாயம் 14

இளையபெருமாள் வீட்டு ஹாலில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் இருந்தது. மீன் இல்லை.

இருபத்தெட்டு நாட்களாக அந்தத் தெருவுக்கு இதுதான் வேடிக்கை. வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். மணலைப் பார்த்தார்கள். கல்லைப் பார்த்தார்கள். மீனைத் தேடினார்கள். பிறகு நிமிர்ந்து இளையபெருமாளைப் பார்த்தார்கள். அவர் அதற்காகவே காத்திருந்தவர்போல மருமகளின் அறைப் பக்கம் கையைக் காட்டுவார்.

"எம்மெஸ்ஸி படிச்ச மருமவ. வெறுந் தண்ணிய வளக்குறா."

எல்லாரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் சிரிப்பு அவர் சிரித்த பிறகுதான் தொடங்கும்.

பந்தயம் பிறந்தது ஆவணி மாதத்தில், ஒரு மதியச் சாப்பாட்டில். ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் உள்ள ஓர் ஆய்வு நிலையத்திலிருந்து சிவரஞ்சனிக்குக் கடிதம் வந்திருந்தது. கடல் மீன் பொரிப்பகத்தில் இரண்டு ஆண்டு வேலை. அக்டோபர் பதினாறு, திங்கட்கிழமை சேர வேண்டும். இளையபெருமாள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் அதன்மேல் அப்பளத்தை வைத்தார்.

"மீன் வளக்க மண்டபம் வரைக்கும் போவணுமா? இங்க வளத்துக் காட்டு. அரியலூர்ல, என் வூட்டுல, கடல் மீன் ஏழு நாள் உசுரோட இருந்துச்சுன்னா நீ போம்மா. நான் தடுக்க மாட்டேன். செத்துச்சுன்னா இந்தக் கடுதாசிய கிழிச்சுப் போட்டுட்டு அடுப்படிக்குப் போ."

பக்கத்து நாற்காலியில் வேணுகோபால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் வருபவர். தானே சாட்சி என்றார்.

"இந்த ஊரே ஒரு காலத்துல கடல்தான்மா. குழியில வெட்டுற கல்லுல சிப்பி கெடக்கு பாத்திருக்கியா? வத்திப் போன கடல நீ திருப்பிக் கொண்டாரப் போற. நடக்கட்டும்."

செந்தில்குமார் ரசத்தை உறிஞ்சினான். கணவன் என்ற முறையில் அன்று அவன் தெரிவித்த கருத்து அவ்வளவுதான்.

சிவரஞ்சனி பந்தயத்தை ஏற்றாள். தரங்கம்பாடியிலிருந்து கேன்களில் கடல் தண்ணீர் வந்தது. இளையபெருமாளின் லாரி ஓடும் சுண்ணாம்புக்கல் குழியிலிருந்தே கல் வந்தது. தண்ணீரை ஊற்றினாள், மோட்டாரை ஓட விட்டாள், காத்திருந்தாள்.

ஏன் காத்திருந்தாள் என்பதை மாமனாரிடம் சொல்லவில்லை. மாமியாரிடமும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது நான்கு வரிதான். புதுத் தண்ணீரில் மீனை விட்டால் அதன் கழிவே அதைக் கொன்றுவிடும். அந்தக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். அவை பெருகத் தீனி வேண்டும். அதற்கு ஏதாவது ஒன்று உள்ளே கிடந்து அழுக வேண்டும்.

புரியாது என்று முடிவு செய்திருந்தாள். நான்கு லாரியும் ஒரு புத்தகமும் உள்ள வீடு. அந்தப் புத்தகமும் டெலிபோன் டைரக்டரி. இவர்களிடம் பேசுவதைவிடத் தொட்டியிடம் பேசலாம்.

இன்னொரு காரணமும் இருந்தது. உள்ளே கிடந்து அழுகியது இறால். தொடங்கி எட்டு நாளில் புரட்டாசி பிறந்துவிட்டது. பெருமாளைக் கும்பிடும் வீடு. அந்த மாதம் முட்டைகூட வாசலைத் தாண்டாது. சிவரஞ்சனி இறாலைக் கொசுவலைத் துணியில் முடிந்து பெரிய கல்லுக்குப் பின்னால் செருகியிருந்தாள். கரைந்ததும் இன்னொன்று. ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையில், பழைய மாத்திரை டப்பா ஒன்றில், மேலும் மூன்று இருந்தன.

ஒருவனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு இரண்டு சோதனைக் குழாய்களில் தொட்டித் தண்ணீரை எடுத்தாள். சொட்டு மருந்து விட்டாள். முதல் குழாய் பச்சையாக மாறினால் விஷம். மாறவில்லை. மஞ்சளாகவே நின்றது. இரண்டாவது ஊதாவாக மாறினால் விஷம். அதுவும் மாறவில்லை.

பத்து நிமிடம் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?" என்றான் செந்தில்குமார். கையில் டீ டம்ளர்.

"ரெண்டும் சைபர்."

"அப்படின்னா?"

"ரெடிங்க. வந்து உக்காந்துடுச்சு. இனி மீன் விடலாம்."

"சரியாத்தான் பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன்."

அவன் தொட்டியைப் பார்த்தான். டீயை ஒரு வாய் குடித்தான்.

"அப்ப பதினாறாந்தேதி போயிடுவ."

"அதான பேச்சு. இன்னைக்கு ரெடியாயிடும்னு நேத்தே சொல்லிட்டேன், மண்டபத்துலேருந்து பூங்குழலி விடியக்காலமே மீன பஸ்ல ஏத்திட்டா. திருச்சியில போயி வாங்கிட்டு மத்தியானம் வந்துடறேன். அதுவரைக்கும் யாரும் தொட்டியில கை வைக்காம பாத்துக்குங்க."

"நாளைக்கு மூணாஞ் சனிக்கெழம. தளிகை. அம்மா இன்னைக்கு வூட்ட கழுவும்."

"வூட்டத்தான கழுவுறாங்க," என்றாள் சிவரஞ்சனி. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

சுந்தராம்பாளுக்கு உலகம் இரண்டு வகை. கழுவியது. கழுவாதது.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். அதற்கு முதல் நாள் அந்த வீட்டில் கழுவாமல் தப்பியது எதுவும் இல்லை. குத்துவிளக்கு, அண்டா, ஜன்னல் கம்பி, டிவி, டிவிக்கு மேல் இருந்த பிளாஸ்டிக் பூ. எட்டரை மணிக்கு ஹாலுக்கு வந்தாள். தொட்டியின் முன் நின்று மூக்கைச் சுருக்கினாள்.

கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம். கல்லில் வழவழப்பு. மீன் வரப்போகிற நாள். நாலு பேர் வந்து பார்க்கப்போகிற நாள். படித்த பெண்ணுக்கு ஒரு துணியை எடுத்துத் துடைக்கத் தெரியவில்லை.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். பெரிய கல்லை நகர்த்தினாள். பின்னால் ஏதோ கொழகொழவென்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். துணி முடிச்சு. பிரித்தாள்.

நாற்றம் வந்த பிறகுதான் கண்ணுக்குப் புரிந்தது.

"செந்திலு!"

செந்தில்குமார் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"டேய், இத பாருடா. எறா! புரட்டாசியில, வெள்ளிக்கெழமயும் அதுவுமா, சாமி ரூமுக்கு நேரா எறா அழுவிக் கெடக்குடா!"

அவன் எழுந்து வந்து பார்த்தான். அது என்ன, எதற்கு, எத்தனையாவது என்று அவனுக்குத் தெரியும். இருபத்தெட்டு நாளும் தொட்டியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான்.

"இத தூக்கி வெளிய போட்டுட்டு வரேன்," என்றாள் சுந்தராம்பாள். "மேலாப்புல கண்ணாடிய மட்டும் தொடச்சு விட்டுடலாமா? என்னா சொல்ற? அவ வந்து ஏதாச்சும் சொல்லுவாளோ?"

செந்தில்குமார் பேப்பரை நான்காக மடித்தான். அவ்வளவு நிதானமாக அவன் எதையும் மடித்ததில்லை.

"தண்ணி பூராவும் தீட்டாயிடுச்சேம்மா," என்றான். "பக்கெட் எங்க?"

பதினேழு பக்கெட். எல்லாவற்றையும் அவனே சுமந்தான். கொல்லையில் இருந்த தென்னைக்கு ஊற்றினான். தென்னைக்கு உப்புத் தண்ணீர் நல்லது என்று அம்மாவிடம் சொன்னான். தன் வாழ்நாளில் ஒரு குடம் தண்ணீர் தூக்கியறியாதவன். சுந்தராம்பாளுக்குப் பெருமையாக இருந்தது.

மணலை ஏழு தண்ணீரில் அலசினாள். கல்லை பிளீச்சிங் பவுடர் போட்டு தேங்காய் நாரால் தேய்த்தாள். வழவழப்பு போய்க் கல் வெள்ளையாக வந்தது. மோட்டாருக்குள் இருந்த பஞ்சையும் விடவில்லை. பிழிந்து வெயிலில் காயவைத்தாள். போர் தண்ணீர் பிடித்து நிரப்பினாள். அவள் ஒன்றும் தெரியாதவள் அல்ல. கடல் மீனுக்கு உப்பு வேண்டும். இரண்டு படி கல் உப்பு போட்டுக் கரண்டியால் கலக்கினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. திருப்தியாக இருந்தது.

கடைசியில் கண்ணாடியின் நடுவில் திருநாமம் போட்டாள்.

*

திருச்சி பஸ் ஸ்டாண்டில் ராமேஸ்வரம் பஸ் பத்தரைக்கு வந்தது. கண்டக்டர் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"நீதான் அரியலூரா? இந்தாம்மா. உள்ள என்னா, மருந்தா?"

"மீன் சார்."

"மீனா? முன்னாடியே சொல்லக் கூடாதா? ராம்நாட்டுல ஏறுன ஆளு ஒருத்தரு இது மேல உக்காரப் போனாரு. நான்தான் சத்தம் போட்டு எழுப்பி விட்டேன். தொறந்து பாத்துக்க. அப்பறம் என்னையக் கேக்கக் கூடாது."

ஓரமாகப் போய் மூடியைத் திறந்தாள். காற்று அடைத்துக் கட்டிய பாலிதீன் பையில் இரண்டு மீன்கள். கட்டைவிரல் அளவு. ஆரஞ்சு நிறம், குறுக்கே வெள்ளைப் பட்டை. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு மெல்ல ஆடின.

பின்னால் நின்ற ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"இத வச்சு ஒருத்தருக்குக்கூட கொழம்பு காணாதே."

மூடியின் உள்பக்கம் பூங்குழலியின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இருவரும் ஒரே விடுதி அறையில் இரண்டு வருடம் இருந்தவர்கள். பூங்குழலி சுற்றி வளைத்துப் பேசுபவள் அல்ல.

'பதினொரு மாதம் நான் வளர்த்தவை. எங்கள் நிலையத்தில் பிறந்த முதல் ஜோடி. உன்மேல் உள்ள நம்பிக்கையில் கேட்டு வாங்கி அனுப்புகிறேன். பையில் நாளை விடியும்வரை தாங்கும். இவற்றைச் சாகடித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்து நிற்காதே.'

சிவரஞ்சனி சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள்.

வழி முழுக்க ஒன்றைத்தான் யோசித்தாள். ஏழாம் நாள் மாமனார் முன் நிற்கும்போது முகம் எப்படி இருக்க வேண்டும்? சிரிக்கக் கூடாது. சிரித்தால் அவர்களோடு சமமாகிவிடும். ஒன்றும் சொல்லக் கூடாது. வேணுகோபால் சாட்சிக்கு வாயைத் திறக்கும்போது தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட வேண்டும். மெல்லத்தான் போக வேண்டும். அவசரம் தெரியக் கூடாது.

செந்துறை ரோடு வரும்வரை அதை நான்கு முறை பழகிப் பார்த்தாள்.

*

வாசலிலேயே பிளீச்சிங் பவுடர் வாசம் வந்தது. தரை ஈரம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

தொட்டி பளபளத்தது. அவ்வளவு சுத்தமான ஒன்றை அவள் அந்த வீட்டில் பார்த்ததில்லை. வெள்ளைக் கல், வெள்ளை மணல், கண்ணாடியில் திருநாமம்.

"வந்துட்டியாம்மா?" சுந்தராம்பாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "பாரு. ஒரு மாசமா நீ பண்ணாதத நான் மூணு மணி நேரத்துல பண்ணிட்டேன்."

சிவரஞ்சனி பெட்டியை மேசையில் வைத்தாள்.

"தண்ணி எங்கத்த?"

"பழசக் கொட்டியாச்சு. இது புதுசு. பயப்படாத, உப்பு போட்டிருக்கேன்."

"கல்லு?"

"தேச்சுட்டேன். எவ்ளோ வழவழப்பு! அதுக்குப் பின்னாடி நீ வச்சிருந்தியே ஒன்னு, அத இன்னும் மாமாகிட்ட சொல்லல. வூட்டுக்கு வந்த பொண்ணாச்சேன்னு வாய மூடிகிட்டு இருக்கேன்."

சிவரஞ்சனி தொட்டிக்குள் விரலை விட்டுக் கல்லைத் தடவினாள். சொரசொரவென்று இருந்தது. இருபத்தெட்டு நாள் அந்தக் கல்லில் இருந்தது எதுவும் இப்போது இல்லை.

அந்த நேரத்தில் இளையபெருமாள் வந்தார். பின்னால் வேணுகோபால். சாட்சி வாட்சைப் பார்த்தபடி வந்தது.

"வந்துடுச்சா மீனு? எங்க? அட, இத்துனூண்டா? சரி, விடு விடு. மணி என்னா வேணு? ஒன்னேகால். அடுத்த வெள்ளிக்கெழம ஒன்னேகால் வரைக்கும் கணக்கு."

"விட முடியாது மாமா."

"என்னாது?"

"இந்தத் தண்ணியில விட்டா செத்துடும்."

"நல்லாத்தான இருக்கு தண்ணி? உங்கத்த கையால கழுவுனது. இதுல நானே எறங்கலாம் போலருக்கு."

வேணுகோபால் சிரித்தார். இளையபெருமாள் இன்னும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார்.

அப்போது சிவரஞ்சனி சொன்னாள். ஆவணியில் சொல்லியிருக்க வேண்டிய நான்கு வரிகளை ஐப்பசி நெருங்கும்போது சொன்னாள். கழிவு. நுண்ணுயிர். கல். இறால். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக, யாரையும் பார்க்காமல்.

"அப்ப தோத்துட்ட," என்றார் இளையபெருமாள்.

சுந்தராம்பாள் அவரைக் கையமர்த்தினாள். அவள் அவரைக் கையமர்த்தி யாரும் பார்த்ததில்லை.

"இரு. ஏன்டி, கண்ணுக்குத் தெரியாத ஒன்னு அந்த வழவழப்புல இருக்கு, அது வளந்தாத்தான் மீனு பொழைக்கும். அவ்ளோதான?"

"அவ்ளோதான் அத்த."

"இத சொல்றதுக்கு உனக்கு ஒரு மாசம் வாய் வரல?"

"சொன்னா உங்களுக்கு..."

"புரியாது. சொல்லு. புரியாதுன்னுதான சொல்ல வந்த?" சுந்தராம்பாளின் குரல் ஏறியது. "முப்பது வருசமா தயிருக்கு ஒற குத்துறவ நான். ஒறமோர் சட்டிய நான் என்னைக்காவது கழுவியிருக்கனா? பாலு தயிராவுறது எதனாலன்னு எனக்குத் தெரியாதா? ஒறமோர் மாதிரி இது, தொடாதீங்கத்தன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தப் பக்கம் வந்திருப்பனா? எறா வச்சதுக்குத் திட்டியிருப்பேன். நாலு நாள் பேசாம இருந்திருப்பேன். ஆனா தொட்டிருக்க மாட்டேன்."

சிவரஞ்சனி இரண்டு வருடம் படித்ததை இவ்வளவு சுருக்கமாக ஒரு பேராசிரியரும் அவளுக்குச் சொன்னதில்லை. பஸ்ஸில் பழகி வைத்திருந்த முகம் எதற்கும் உதவவில்லை.

"உங்ககிட்ட சொல்லல. அது தப்புதான்," என்றாள். "ஆனா வீட்டுல சொன்னேன்."

"யாருகிட்ட?"

"உங்க மவன்கிட்ட. எல்லாத்தையும். இன்னைக்கு காலையில ரெடியாயிடுச்சுன்னும் சொன்னேன். யாரும் கை வைக்காம பாத்துக்குங்கன்னும் சொல்லிட்டுத்தான் போனேன்."

எல்லாரும் செந்தில்குமாரைப் பார்த்தார்கள். அவன் ஃபேன் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"மறந்துட்டேன்," என்றான்.

"மறந்தியா?" சுந்தராம்பாள் அவன் பக்கம் திரும்பினாள். "கண்ணாடிய மட்டும் தொடைக்கட்டுமான்னு நான் கேட்டேன். அவ ஏதாச்சும் சொல்லுவாளோன்னு கேட்டேன். தண்ணி தீட்டுன்னு சொன்னது யாரு? பக்கெட் எங்கன்னு கேட்டது யாரு?"

அவன் ஃபேனை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டான்.

"பதினேழு பக்கெட்டுடா. புள்ள ஒத்தாச பண்றான்னு பூரிச்சுப் போயிட்டேன். என்னைய வெளக்கமாறா வச்சுக் கூட்டியிருக்க நீ."

இளையபெருமாள் மகனை மேலும் கீழும் பார்த்தார். லாரி டயரைப் பார்ப்பதுபோல.

"எனக்காகவாடா பண்ணுன?"

"இல்லப்பா."

"பின்ன?"

செந்தில்குமார் சிவரஞ்சனியைப் பார்த்தான். சொல்லிவிடுவான் போலிருந்தது. வாய்கூடத் திறந்தது. வேணுகோபால் இருப்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்றதுக்குக்கூட வக்கில்ல," என்றார் இளையபெருமாள். "அதுக்கு ஆத்தா கை வேண்டியிருக்கு. தூ."

ஆனால் அவர் பந்தயத்தை விடுபவர் அல்ல. கெட்டுப்போன வெற்றியும் அவருக்கு வெற்றிதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவன் கெடுத்தான், எவன் கழுவுனான்னுல்லாம் நாம பேசல. ஏழு நாள் உசுரோட இருக்கணும். அதான் பேச்சு. என்னா வேணு?"

வேணுகோபால் அடுப்படிப் பக்கம் பார்த்தார். சாம்பார் கொதிக்கும் வாசம் வந்துகொண்டிருந்தது.

"பேச்சு அதான்," என்றார்.

"அந்தப் பேச்ச நீங்களே வச்சுக்குங்க மாமா," என்றாள் சிவரஞ்சனி. "மீன நான் திருப்பிக் கொண்டுபோறேன். அதுங்களுக்கு நாளைக்கு விடியற வரைக்குந்தான் டைம். அதுக்குள்ள சரியான தண்ணி வேணும். அது மண்டபத்துலதான் இருக்கு."

"போயிட்டு?"

அவள் அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது தோளில் ஒரு பை இருந்தது. மீனைத் திருப்பிக் கொடுக்கப் போகும் ஒருவருக்கு வேண்டிய நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக உள்ளே இருந்திருந்தாள். பை கனமாக இருந்தது.

"போயிட்டுன்னு கேட்டேன்," என்றார் இளையபெருமாள். "நாளைக்குத் தளிகை. எல போடறப்ப மருமவ எங்கன்னு நாலு பேரு கேப்பான். என்னான்னு சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்," என்றாள் சுந்தராம்பாள். அவள் தொட்டியின் கண்ணாடியில் போட்டிருந்த நாமத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "வூட்ட கழுவயில மருமவளையும் சேத்துக் கழுவிக் கொட்டிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

சிவரஞ்சனி அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த வீட்டில் சுந்தராம்பாளிடம் சொல்வதற்கென்று அவள் சொற்களைச் சேர்த்து வைத்திருக்கவில்லை.

"ஐஸ் ரூம்ல மாத்திர டப்பாவுல இன்னும் மூணு எறா இருக்கு அத்த," என்றாள்.

சுந்தராம்பாள் துணியைக் கீழே போட்டாள்.

"போயிடு," என்றாள். "நான் இன்னொரு தடவ குளிக்கறதுக்கு முன்னாடி போயிடு."

*

செந்தில்குமார் பைக்கை எடுத்தான். யாரும் அவனை எடுக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆட்டோவுக்கு நின்றால் இரண்டு மணி பஸ் போய்விடும் என்பதால் சிவரஞ்சனி ஏறிக்கொண்டாள். பெட்டி இருவருக்கும் நடுவில் இருந்தது.

வழியில் சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒன்று அவர்களுடையது. டிரைவர் ஹாரன் அடித்துக் கும்பிட்டான். செந்தில்குமார் தலையை ஆட்டினான். கும்பிடு வாங்க மட்டும் அவனுக்கு எப்போதும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம். வெள்ளிக்கிழமை. திருச்சி பஸ்ஸுக்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டிய நான் புடிச்சுக்கறேன்," என்றான். "நீ ஏறு. மேல நின்னு வாங்கிக்க."

அதில் அர்த்தம் இருந்தது. நெரிசலில் பை உடைந்துவிடும். அவள் பெட்டியைக் கொடுத்தாள். இடித்துக்கொண்டு படியில் ஏறினாள். திரும்பிக் குனிந்து கையை நீட்டினாள்.

அவன் பெட்டியை நீட்டினான். அவள் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"போவாத ரஞ்சனி," என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். கல்யாணமாகி நான்கு வருடம். யாரையும் கேட்காமல் அவன் சொன்ன முதல் வாக்கியம் அது. நேற்று இதைச் சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்து யோசித்திருப்பாள். ஆவணியில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். சண்டைக்குப் பிறகு ஒருவேளை இருவரும் சேர்ந்து ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள்.

"இத எப்ப சொல்லணும்?"

"அப்ப சொல்ல முடியல."

"பக்கெட் தூக்க முடிஞ்சுதுல்ல."

"நீ போயிட்டா திரும்ப மாட்ட. எனக்குத் தெரியும். அதான்..."

"அதான் ரெண்டு உசுரையும் கொன்னுட்டா நான் இருந்துடுவேன்னு நெனச்சீங்க."

"மீனுதானே," என்றான் அவன்.

சொன்னதும் அவனுக்கே அது கேட்டது. முகம் மாறியது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

"ஏம்மா, படியில நிக்காத," என்றார் கண்டக்டர் உள்ளேயிருந்து. "ஏறுனா ஏறு. எறங்குனா எறங்கு. வழிய அடைச்சுகிட்டு குடும்பம் நடத்தாத."

யாரோ சிரித்தார்கள்.

"பெட்டிய விடுங்க," என்றாள்.

அவன் விடவில்லை. ஒரு பக்கம் அவள் கை. ஒரு பக்கம் அவன் கை. உள்ளே தண்ணீர் ஒரு முறை தளும்பியது. இரண்டு பேருக்கும் அது கேட்டது.

"விடுங்க. கவுந்துடும்."

"எப்ப வருவன்னு மட்டும் சொல்லு. விட்டுடறேன்."

அவளுக்கு ஒரு தேதி சொல்லிவிடலாம். திங்கட்கிழமை என்றால் போதும். கையை எடுத்துவிடுவான். பொய் என்று தெரிந்தாலும் நம்பிவிடுவான். நம்புவதற்குத் தைரியம் தேவையில்லை. கைப்பையில் மடித்து வைத்திருந்த பூங்குழலியின் சீட்டு நினைவுக்கு வந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

விசில் ஊதியது. பஸ் நகர்ந்தது.

அவன் பெட்டியைப் பிடித்தபடியே கூட நடந்தான். பிறகு வேகமாக நடந்தான். பஸ் ஸ்டாண்டின் வாசல் திருப்பம் வந்தது. டிரைவர் கியரை மாற்றினார்.

"யோவ், கைய எடுய்யா!" என்று கண்டக்டர் கத்தினார்.

அவன் ஓடத் தொடங்கினான்.